ஏழு இலைக் கொப்பு

கம்பளையில் பாலத்துக்குக் கீழே, மகாவலிக் கரையில் அதைக் கண்டபோது முதலில் முள்ளுப்பழச் செடி என்றுதான் நினைத்தேன். குனிந்து மோந்து பார்த்தால் ரோசா. ஐந்தே இதழ், வெள்ளை, கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. அன்று கோயிலில் பூ வைக்கும் முறை என்னுடையது. கை கிழியக் கிழிய ஒரு கட்டு வெட்டிக்கொண்டு போய் மாதா பீடத்தில் வைத்தேன்.

பூ வைக்கும் பெண்களுக்குத் தலைவி ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர். எல்லார் முன்னாலும் அதை எடுத்துக் குப்பை வாளியில் போட்டார்.

"ஆத்தங்கரையில கெடக்குறதையா மாதாவுக்கு வைக்கிறது? டவுனுக்கு வந்து இத்தனை வருஷம், தோட்டத்துப் பழக்கம் இன்னும் போகலையே."

என் அம்மா கலஹாவில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். எனக்குக் காது வரை எரிந்தது.

அது ரோசாதான் என்று யாராவது சொல்லிக் கேட்க வேண்டும்போல் இருந்தது. ஒரு கொப்பை ஒடித்துப் பேராதனையில் நாற்று விற்பவரிடம் கொண்டுபோனேன். காம்புக்கு ஏழு சிற்றிலை, காம்படியில் சீப்புப் பல் மாதிரி ஓரம் என்று தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

"காட்டு ரோசாம்மா. இதுலதான் நல்ல ரோசாவை ஒட்டுறோம். ஒட்டுக்குக் கீழ இருந்து இது கெளம்புனா உடனே வெட்டிறணும். விட்டா மேல உள்ளதைச் சாகடிச்சிரும்."

டீச்சர் வீட்டு வாசலில் ஒரு சிவப்பு ஒட்டு ரோசா நின்றது. செத்துப்போன கணவர் நட்டது. ஒவ்வொரு மே மாதமும் அதன் முதல் பூ மாதாவுக்குப் போகும். மழை விட்ட ஒருநாள் அந்த வழியாகப் போன என்னைக் கூப்பிட்டார்.

"அடியில புதுக் கொப்பு எவ்வளவு வேகமா வருது பாருங்க. வெட்டவா, விடவா?"

குனிந்து எண்ணினேன். மற்றக் கொப்புகளில் ஐந்து, இதில் ஏழு. கணவர் நட்ட செடி என்பதும் நினைவில் இருந்தது.

"விடுங்க டீச்சர். நல்லா வரும்."

நன்றாகத்தான் வந்தது. அடுத்த மே மாதம் சிவப்புத் தண்டு கருகிக் கிடந்தது. டீச்சர் வெறுங்கையோடு கோயிலுக்கு வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்து அழுதார். மற்றவர்கள் ஆறுதல் சொன்னார்கள். நான் தள்ளி நின்று ஆசை தீரப் பார்த்தேன்.

பாவசங்கீர்த்தனத்தில் எல்லாம் சொல்கிறேன்: கோபம், புறணி, தவறிய பூசை. இதை மட்டும் சொல்வதில்லை. செய்த பாவத்துக்கு மனஸ்தாபப்படுகிறாயா என்று சுவாமியார் கேட்பார். இல்லை என்று சொல்ல வேண்டிவரும்.