வெள்ளவத்தைக் கரையில் ஒரு கடற்பன்றி

ரயில் பாதைக்கு அப்பால், மணலில் கறுத்த உடலொன்று ஒதுங்கிக் கிடந்தது. காலை நடைக்கு வந்த நாங்கள் "பாவம், டொல்பின்" என்று சொல்லிப் படமெடுத்துக்கொண்டிருந்தோம். கரையைக் கூட்டும் தொழிலாளி விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு வந்தார். மெலிந்த மனிதர், வெயிலில் காய்ந்த முகம். செத்ததைத் தொடுவதற்குக்கூடக் கைகளை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

"டொல்பின் இல்ல சேர்," என்று அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். "டொல்பினுக்கு நீட்டு மூக்கு, கூர்ப் பல்லு. இதுக்கு மொட்டை மூஞ்சி, பல்லு மண்வெட்டி மாதிரித் தட்டை. இது கடற்பன்றி. முதுகுல செட்டையும் இல்ல, துள்ளவும் துள்ளாது. கரைக்குக் கிட்டத்தான் திரியும், ஒருத்தரும் காணமாட்டாங்க. செத்தாத்தான் தெரியும்."

அதைப் புதைக்கக் குழி வெட்டத் தொடங்கினார்.

"நீங்கள் இந்தப் பக்கம் புதிசோ?" என்று கேட்டேன்.

"பதினொரு வருஷம் சேர். நீங்க நடந்து வரக்குள்ள நான்தான் ஒதுங்கி நிக்கிறது."

சில மாதங்களாக அந்த இடத்தை வேறொருவர் கூட்டுகிறார். பழையவர் எங்கே என்று அவரிடம் கேட்கப் போனேன். யாரென்று சொல்லிக் கேட்பது? அன்றைக்கும் நான் அவருடைய பெயரைக் கேட்கவில்லை.