கைப்பிடி உடைந்த மக்கில் ஒரு கலஞ்சோ

1. தை மாதம் என் அறைத்தோழிக்குக் கல்யாணம் ஆனது. கணவரோடு புனே போனாள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும் மூன்று வருடம் சேர்ந்து இருந்த வாடகை அறையில், தன் கலஞ்சோ செடியை என்னிடம் விட்டுப் போனாள்.

2. நான் அதற்கு நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். பங்குனியில் தண்டு அடியிலிருந்து அழுகியது.

3. அழுகாத நுனிகளில் ஐந்து துண்டு வெட்டினேன். நான்கை மணலில் நட்டேன். ஒன்று கையிலேயே ஒடிந்தது. அதை ஜன்னல் மேடையில் போட்டேன்.

4. நட்ட நான்கும் செத்தன.

5. ஆனியில் அவள் போன் செய்தாள். "ஆடிக்கு அம்மா ஊட்டுக்கு வரேன்டி. என் செடியில ஒரு துண்டு வேர் புடிக்க வெச்சிரு, எடுத்துனு போறேன்" என்றாள். சரி என்றேன். அந்தச் செடியே இல்லை என்று சொல்லவில்லை.

கலஞ்சோவின் இலை தடிமனானது. தனக்கு வேண்டிய தண்ணீரை அதுவே சேர்த்து வைத்துக்கொள்ளும். அவள் ஞாபகம் வந்தால் ஊற்றுவாள், இல்லாவிட்டால் விட்டுவிடுவாள். கைப்பிடி உடைந்த குளியலறை மக்கில், ஊசியைச் சுட வைத்து ஓட்டை போட்டு வளர்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னல் ஓரம் தலை உலர்த்திக்கொண்டே காய்ந்த பூக்களைக் கிள்ளிப் போடுவாள். ஆரஞ்சு நிறப் பூங்கொத்தைக் காட்டி, "மிக்சர்ல வர்ற பூந்தி மாதிரி கீதுல்ல?" என்பாள். எப்போது ஊற்ற வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. எழுதாத வேலையை எனக்குச் செய்யத் தெரியாது. காலண்டரில் தினமும் ஒரு டிக் போட்டேன். அந்த டிக்குகள்தான் செடியைக் கொன்றன.

மணல் விஷயத்தில் நான் தவறு செய்ததற்கு அந்தச் சாக்கும் இல்லை. மணல்தான் என் வேலை. இரும்பு வார்க்கும் ஆலையில், மணல் சோதனைக்கூடத்தில் இருக்கிறேன். ஈரம் எவ்வளவு, காற்று புகுமா, அழுத்தினால் தாங்குமா என்று மணிக்கு ஒருமுறை பார்த்து எழுத வேண்டும். சோதித்துத் தேறிய நல்ல மணலில் ஒரு பை கேட்டு வாங்கி வந்து நட்டேன். வார்ப்பு மணலில் களிமண் தூள் கலந்திருக்கும். கொடுத்த வடிவத்தை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் குணம். பத்து நாளில் தொட்டிக்குள் கல்லாக இறுகிவிட்டது. கவிழ்த்தால் தொட்டி வடிவத்திலேயே முழுதாக வெளியே வந்தது. அதைப் போட்டோ எடுத்து, மணலில் அச்சு அடிக்கும் மோல்டிங் பிரிவு அண்ணனிடம் காட்டினேன்.

"இன்னாமா, செடிக்கு மோல்டு அடிச்சினு கீற? இரும்ப ஊத்தியிருந்தா நல்லா வந்திருக்கும்" என்றார். பிறகு, "ஆத்து மணல் போடு" என்றார்.

வீட்டுக்கு வந்து ஜன்னல் மேடையைத் துடைத்தபோது ஒடிந்த துண்டு கண்ணில் பட்டது. மண் இல்லை, தண்ணீர் இல்லை. இலை லேசாகச் சுருங்கியிருந்தது. வெட்டு வாய் காய்ந்து மூடியிருந்தது. அதற்கு மேலே நூல் போல மூன்று வேர்கள். பொன்னேரியில் வீடு கட்டும் இடத்தில் ஒரு பை ஆற்று மணல் கேட்டு வாங்கி, அவளுடைய பழைய மக்கிலேயே நட்டேன். டிக் போடுவதை நிறுத்தினேன்.

ஆடியில் அவள் ஆர்.கே.பேட்டை அம்மா வீட்டிலிருந்து திருவள்ளூருக்குத் துணி எடுக்க வந்தாள். பேருந்து நிலையத்தில் எங்களுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது. மக்கை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அப்போது செடியில் மூன்று ஜோடி இலைகள்தான்.

"இன்னாடி, துண்டு கேட்டா மக்கோட தூக்கினு வந்துட்ட? ஏன் இப்படி இளைச்சுப் போச்சு?"

"இது அது இல்ல. அது போச்சு. நான்தான் தண்ணி ஊத்தி ஊத்திக் கொன்னுட்டேன்."

செடியைக் குனிந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். "டைம் டேபிள் போட்டு ஊத்தியிருப்ப."

"ஆமா."

"நான் மட்டும் இன்னா? கல்யாணப் பெட்டியில ஒரு துண்டு ஒளிச்சு எடுத்துனு போனேன். கிளாஸ் தண்ணியில வெச்சு தினமும் பாத்துகினே இருந்தேன். ஒரே வாரம், கொழகொழன்னு ஆயிடுச்சு. அதான் உன்னாண்ட கேட்டேன்."

மக்கை நீட்டினேன். "முழுசா எடுத்துக்கோ."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். முன்பு செய்வதுபோல, இலையின் ஓரத்தைக் கட்டை விரலால் தடவினாள். புடவை, நாத்தனார், புனேவில் இட்லி மாவு புளிக்காதது என்று பேசினோம். அவள் பேருந்து வந்ததும் மக்கை என்னிடமே கொடுத்தாள்.

"இத்த இப்ப வெட்டுனா தாங்காது. எடுத்துனு போயி நான் சாவடிச்சிட்டா? நீயே வெச்சினு இரு. அடுத்த தபா வரப்போ ரெண்டா வெட்டிக்கலாம்."

"அடுத்த தபா எப்போ?"

"வருவேன்டி" என்று படியில் ஏறினாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் மக் என் மடியில் இருந்தது. அது என்னோடு திரும்பியதில் எனக்கு ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதலை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

இப்போது கார்த்திகை. செடியில் எட்டு ஜோடி இலைகள் உள்ளன, வெட்டினால் தாங்கும். மொட்டு வரவில்லை. இன்னொரு தொட்டிக்கும் ஆற்று மணல் எடுத்து வைத்திருக்கிறேன். அவள் படுத்திருந்த எதிர்க் கட்டிலுக்கு இன்னும் ஆள் வரவில்லை. அவள் தேதி சொல்லவில்லை. நான் வெட்டவில்லை.