நாலு மெழுகுதிரியும் சாயிப்பு சத்திரமும்

அமரவிளை செக்போஸ்ட் பக்கம், பெயிண்ட் காயாத போர்டு மாட்டிய ஒரு லாட்ஜ் முன்னால் நிற்கிறேன். பையில் நாலு மெழுகுதிரி இருக்கிறது. கருவாட்டுக் கூடையோடு நெய்யாற்றின்கரை சந்தைக்கு நடந்த காலத்தில் தன்னை மழையில் காத்த வீடுகள் என்று அப்பா சாகும்போது நாலு பெயர் சொன்னார். ஒவ்வொன்றிலும் ஒரு திரி கொளுத்தி அந்த வீட்டுக்காரர்களுக்காக ஜெபிக்க வேண்டுமாம். நாளை அவருக்கு நாற்பத்தொன்றாம் நாள். காலையிலிருந்து ஒரு வீடும் அகப்படவில்லை.

லாட்ஜ்காரர் நான் பெயர்களை எழுதி வைத்திருக்கும் சீட்டைப் பார்த்துச் சிரிக்கிறார். "சாயிப்பு சத்திரம், முசாவரி பங்களா, பிள்ளை கிளப்பு, ராஜா லாட்ஜ். அண்ணே, நாலும் இதாக்கும்! வெள்ளைக்காரன் கெட்டினது. ஆளு மாறுனா பேரும் மாறும்."

நான் உள்ளே எட்டிப் பார்க்கிறேன். "அப்பா எந்த முறியில படுத்திருப்பாரு?"

"கருவாட்டுக்காரங்களுக்கு முறியா? எனக்க அப்பன் இங்க குசினியில சமையலுக்குத்தான் இருந்தாரு. பேரு எதானாலும் அவங்களுக்கு இந்த வராந்தாவாக்கும்."

வீடு என்றுதானே அப்பா சொன்னார்?

நாலு திரியையும் வராந்தாவிலேயே வரிசையாகக் கொளுத்தி முழங்காலில் நிற்கிறேன். யாருக்காக ஜெபிப்பது என்றுதான் தெரியவில்லை.