பிரதம அதிதியின் மைக்கை நிறுத்தியவள்

நஸ்ரியாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எங்கள் சங்கத்தில் சொல்லித் திரிகிறார்கள். இருக்கட்டுமே. அந்தக் கோபம் எதற்காக வந்தது என்று சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வருவதில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

கிண்ணியாக் கடைத்தெருவில் அவளுடைய பாமசி இருக்கிறது. நானும் அவளும் மருந்தாளர் படிப்பை ஒன்றாகப் படித்தவர்கள். டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டு இல்லாமல் சில மருந்துகளைக் கேட்டு வந்தால், யாராக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். சொந்த மாமனாரையே ஒருமுறை அனுப்பினாள். அவர் பெருநாளன்றும் அவளோடு கதைக்கவில்லை. "கதைக்காட்டிப் போகட்டும், ஆள் சுகமா இருக்காரெல்லோ" என்றாள்.

எங்கள் மருந்தாளர் சங்கத்தின் கூட்டங்கள் கொரோனாக் காலத்தில் சூமுக்குப் போயின. வெருகலிலிருந்தும் புல்மோட்டையிலிருந்தும் நகரத்துக்கு வந்து போவது பெரும்பாடு என்பதால் பிறகும் அப்படியே தொடர்ந்தன. சூமை இயக்கத் தெரிந்தவள் என்று நஸ்ரியாவை நிகழ்ச்சிச் செயலாளர் ஆக்கினார்கள். ஆனால் எங்கள் ஆட்கள் மண்டபத்தை மட்டும்தான் விட்டுவிட்டு வந்தார்கள். மண்டபத்தில் செய்த அத்தனை சடங்கையும் ஃபோனுக்குள் கொண்டுவந்து கொட்டினார்கள். தலைவர் கதிரவேல் தன் வீட்டு மேசையில் குத்துவிளக்கை ஏற்றிக் கமராவுக்குக் காட்டுவார். பிறகு தேவாரம், குர்ஆன் ஓதும் கிறாஅத், வரவேற்புரை, தலைமையுரை. அதற்கும் மேலாக, பிரதம அதிதிக்குப் பொன்னாடை போர்த்தியே ஆகவேண்டும். எப்படி என்று கேட்கிறீர்களா? பொன்னாடையை ஓட்டோவில் அனுப்பி, அதிதியின் வீட்டிலேயே வைத்துப் போர்த்துவார்கள். நாங்கள் எல்லோரும் அதைத் திரையில் பார்த்துக் கைதட்ட வேண்டும்.

பிரசாந்தி வெருகல் பக்கத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் தனியாளாக மருந்து கொடுப்பவள். ஒரே கம்பனியின் பிரஷர் குளிசையும் நீரிழிவு என்கிற சீனி வருத்தத்துக்கான குளிசையும் புதிதாக ஒரே மாதிரியான அட்டையில் வந்திருப்பதை முதலில் கண்டது அவள்தான். நிறமும் எழுத்தும் ஒன்றுதான், பெயர் மட்டுமே வேறு. மாறிக் கொடுத்தால் பிரஷர்காரருக்கு இரத்தத்தில் சீனி விழுந்து ஆளே போய்விடலாம். வாட்சப் குழுவில் படம் எடுத்துப் போட்டாள். காலை வணக்கப் பூக்களுக்கும் பிறந்தநாள் கேக்குகளுக்கும் அடியில் அது எங்கோ போய்விட்டது. அதனால்தான் அடுத்த கூட்டத்தில் அவளைப் பேசவைக்க நஸ்ரியா ஏற்பாடு செய்தாள்.

பிரசாந்தி சாப்பாட்டு நேரத்தில், சிக்னல் கிடைக்கும் ஆற்றங்கட்டில் போய் வெயிலில் உட்கார்ந்தாள். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? பொன்னாடைக்காகக் காத்திருந்தோம். ஓட்டோ உவர்மலை ஏற்றத்தில் மக்கர் பண்ணிவிட்டதாம். அது வந்து, போர்த்தி, படம் சரியாக விழவில்லை என்று கழற்றி மறுபடி போர்த்தி, அதன்பிறகு அதிதி தன் உத்தியோக காலத்துப் பெருமைகளைத் தொடங்கினார்.

"அக்கா, சனம் காத்துக்கொண்டு நிக்குது. நான் போறன்" என்று பிரசாந்தி சொன்னதும் அவளுடைய கட்டம் திரையிலிருந்து மறைந்தது.

அன்றைக்கு நஸ்ரியா என்னோடு ஃபோனில் கத்திய கத்தலை நான் இங்கே எழுத முடியாது. கத்தி முடித்து உட்கார்ந்து, இணையக் கூட்டங்களுக்கான விதிகளை எழுதினாள். தொழில் சம்பந்தமான பேச்சுத்தான் முதலில், மரியாதைகள் பிறகு. யார் பேசினாலும் நேரம் முடிந்தால் ஒருமுறை நினைவூட்டப்படும், அதற்கும் நிற்காவிட்டால் மைக் நிறுத்தப்படும். எல்லோரும் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள். கதிரவேல் "கெட்டிக்காரப் பிள்ளை" என்று வேறு பாராட்டினார். அந்த விதி மற்றவர்களுக்கு என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்திருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு முதல்நாளே கதிரவேல் அவளுக்கு ஃபோன் எடுத்தார். "தங்கச்சி, அதிதிக்கு வேற அலுவல் இருக்காம். அவரை முதல்ல விடுவம்."

"அஞ்சு நிமிசம் சேர். அதுக்கு மேல ஏலாது."

"ஓம் ஓம், அஞ்சு நிமிசம்தான்."

ஐந்து நிமிடம் முடிந்தது. நஸ்ரியா பணிவாக நினைவூட்டினாள். அதிதி "இதோ முடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, தான் வெளிநாட்டுக் கருத்தரங்குக்குப் போன கதைக்குள் நுழைந்தார். ஆற்றங்கட்டில் பிரசாந்தி கையைத் தூக்கியபடி இருந்தாள். நஸ்ரியா மைக்கை நிறுத்தினாள். அவர் அது தெரியாமல் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது என்று ஒளிக்காமல் சொல்கிறேன்.

பிரசாந்தி இரண்டு அட்டைகளையும் கமராவுக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினாள். அவள் பேசி முடிக்கும் முன்பே புல்மோட்டையில் பாமசி வைத்திருக்கும் றிகாஸ் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஓடியதை நாங்கள் பார்த்தோம். அவர் திரும்பி வரவே இல்லை. அதை யாரும் பெரிதாக எடுக்கவும் இல்லை. எல்லோருக்கும் அதிதியின் மைக்தான் கவலை.

அதற்காகவே ஒரு விசேட கூட்டம் வைத்தார்கள். அன்றைக்கு விளக்கும் இல்லை, பொன்னாடையும் இல்லை. ஆளைக் குதறுவதற்கு அதெல்லாம் தேவைப்படாது போலும்.

"ஒரு பெரிய மனுசன் கதைக்கேக்க வாயை அடைக்கிறதோ? இது என்ன பழக்கம்?" கதிரவேலுக்கு முகம் சிவந்திருந்தது. "அவரிட்ட மன்னிப்புக் கேளுங்கோ. இல்லையெண்டால் பதவியை விடுங்கோ."

நஸ்ரியா பதில் சொல்ல வாயெடுத்தபோது றிகாஸ் கமராவைத் திறந்தார். சவரம் செய்யாத முகம்.

"றாத்தா, நான் கொஞ்சம் கதைக்கோணும்" என்று நஸ்ரியாவிடம் சொன்னார். "அண்டைக்கு நான் எழும்பி ஓடினது ஏனெண்டா, என்ட தட்டில ரெண்டு அட்டையும் கலந்து கிடந்தது. எங்கட ஊர்ல கடலுக்குப் போற ஒராளுக்குப் பிரஷர் குளிசையெண்டு மாத்திக் குடுத்திட்டன். நான் அவர்ட வீட்டுக்குப் போகேக்க அவர் வேர்த்து விறைச்சு, நினைவில்லாமக் கிடந்தார். இன்னும் வார்ட்ல இருக்கார். நேத்துத்தான் பிள்ளைகளை அடையாளம் கண்டவர். முதல் கூட்டத்திலயே பிரசாந்தியைக் கதைக்க விட்டிருந்தா, நான் அந்த அட்டையைத் தொட்டிருக்கவே மாட்டன்."

இப்படி வாய்விட்டுச் சொன்னால் அந்த மனிதனின் பாமசியே மூடப்படலாம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

முதலில் வாய் திறந்தவர் கதிரவேல். "இதெல்லாம் இஞ்ச கதைக்கிற விசயமில்லை, சங்கத்துக்குத்தான் கெட்ட பேர். தங்கச்சி, அவரிட மைக்கை நிப்பாட்டுங்கோ!"

நஸ்ரியா கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்தாள். அழுதாளா, கோபத்தில் வேர்த்ததா, எனக்குத் தெரியவில்லை.

"ஏலாது சேர்" என்றாள். "றிகாஸ், நீங்க கதைங்க."

அன்றைக்கே அவளைப் பதவியிலிருந்து தூக்கினார்கள். ஆனால் அதற்கு முன், றிகாஸ் வார்டில் கிடந்தவரின் குடும்பத்தின் பெயரைச் சொல்லி, தன் பிழையை முழுதாகச் சொல்லி முடிக்கும்வரை அவள் யாரையும் குறுக்கே பேச விடவில்லை.