மூத்தவள் விதைத்த பிறகு

அஹேரோ பாசனப் பகுதியில் அபொண்டியின் வயல்தான் எப்போதும் கடைசியில் முற்றும். சுற்றிலும் அறுப்பு முடிந்து வெறும் தாள் நிற்கும்போது, அவள் வயல் ஒன்று மட்டும் பால் பிடித்த கதிரோடு தலை சாய்ந்து நிற்கும். செவ்வலகுக் குருவிகளுக்கு வேறென்ன வேண்டும்? அதுவரை நூறு வயல்களில் பிரிந்து மேய்ந்தவை எல்லாம் அந்த ஒரே வயலில் வந்து இறங்கும். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அபொண்டி தகரத்தைத் தட்டிக்கொண்டு வரப்பு வரப்பாக ஓடுவாள். சேற்றை உருட்டிக் கோலின் நுனியில் குத்தி வீசுவாள். கிழக்கு மூலையில் விரட்டினால் மேற்கு மூலையில் இறங்கும். கூலிக்கு ஆள் வைத்தாலோ, குருவி தின்றது போக மீதியை அந்தக் கூலி தின்றுவிடும்.

குருவி போனதும் தரகர் வருவார். அதற்குள் மற்றவர்கள் நெல்லால் கிசுமு நகரத்துக்குப் போகும் லாரிகள் நிறைந்திருக்கும். "என்னம்மா, பாதிக்குப் பாதி பதரா இருக்கு" என்று உள்ளங்கையில் ஊதிப் பார்த்துவிட்டு, பக்கமெல்லாம் வெளியே தட்டிப் புடைக்க வைத்த தகர டப்பாவில் கோபுரமாக அளந்து கொண்டு போவார். அந்த டப்பாவின் வயிறு ஊருக்கே தெரியும். ஆனால் கடைசியாக விற்பவளுக்கு டப்பாவைப் பற்றிப் பேச வாய் இருப்பதில்லை.

அபொண்டி சோம்பேறி இல்லை. அவள் இளையவள், அவ்வளவுதான். ஒக்வேனோவின் இரண்டாம் மனைவியாகச் சேமேயிலிருந்து வந்தவள். இத்தனை வருடம் கழித்தும் அந்த ஊரில் அவளுக்குச் சேமேக்காரி என்றுதான் பெயர். ஒக்வேனோ இறந்தபோது இரண்டு துண்டு வயல் இருந்தது. ஒன்று மூத்தவள் பெரெஸுக்கு, பக்கத்துத் துண்டு இவளுக்கு. ஒரே வளவுக்குள் இருப்பவர்களில் மூத்தவள் கைதான் முதலில் விதை போட வேண்டும். அவள் போடுமுன் இளையவள் போட்டால் வீட்டில் யாருக்காவது உடம்பு உருகிப்போகும் என்பது லுவோ இனத்தார் வீடுகளில் இன்றும் யாரும் உரக்க மறுக்காத ஒன்று. பெரெஸுக்கு முழங்கால் வலி. கரும்பாலையில் வேலை பார்க்கும் அவள் மகன் ஒமொல்லோ வந்துதான் நாற்றங்காலை உழுது தர வேண்டும். அவன் மாதக் கடைசியில் வருவதாகச் சொல்லுவான். எந்த மாதம் என்று சொல்ல மாட்டான்.

அப்படியே இரண்டு போகம் போனதில் அபொண்டி தண்ணீர்க் கட்டணம் கட்டவில்லை. நிலம் அரசின் பாசனத் திட்டத்துக்குச் சொந்தம். உழுபவருக்குப் பயிர் செய்யும் உரிமை மட்டும்தான். வரும் அறுப்பு முடிந்தும் பாக்கி நின்றால் துண்டு வேறொருவருக்குப் போகும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். துண்டு போனால் கரும்பு வெட்டக் கூலிக்குப் போக வேண்டும், இல்லையென்றால் சேமேக்குத் திரும்பி அண்ணன் வீட்டு அடுக்களையில் ஒரு மூலையைக் கேட்க வேண்டும்.

அந்த நிலையில்தான் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த ஒபியெரோ அவள் வாசலுக்கு வந்தார். அந்தப் பகுதி வாய்க்காலுக்குத் தலைவர். வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவர்.

"சேமேக்காரி, இந்தத் தடவ எல்லாரும் ஒரே வாரத்துல விதைக்கிறோம். ஒரே விதை. ஒண்ணா அறுத்து, சங்கத்துக் களத்துல காயவச்சு, தராசுல போட்டு மில்லுக்கு விக்கிறோம். டப்பா கிடையாது."

"ஒரே வாரத்துலயா?"

"அதுதான் விஷயமே. எல்லாம் ஒண்ணா முத்தினா குருவி எத்தன வயல்ல இறங்கும்? அதுக்கும் ஒரு வயிறுதானே இருக்கு. ஆளுக்கு ஒரு பிடி தின்னுட்டுப் போகும். உன்னை மாதிரி ஒருத்தி தலையில மட்டும் விடியாது."

தன் வயல் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் அவர் இதைக் கற்றிருக்கிறார் என்பது அபொண்டிக்குப் புரிந்தது. அதில் அவளுக்கு ஒரு பெருமையும் இல்லை.

"அந்த வாரத்துல விதைக்காதவங்க?"

"சேர முடியாது. ஒரு வயல் பிந்தினா மடையத் திறந்து மூடறது எல்லாருக்கும் குழம்பிப்போகும்."

"அப்ப என் பேர எழுதாதீங்கண்ணே. பெரெஸ் அக்கா விதைக்காம நான் எப்படி விதைக்கிறது?"

ஒபியெரோ தலையைச் சொறிந்தார். சங்கத்தின் விதிகளை எழுதியவர்கள் கிசுமுவில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதியவர்கள். அதில் மழை, பூச்சி, வட்டி எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. மூத்த மனைவிக்கு இல்லை.

"இங்க பாரு, இது சோளம் இல்ல. மழையில விளையறதுக்குத்தான் அந்த முறையெல்லாம். நம்ம நெல்லு பம்பு செட்டுத் தண்ணியில விளையுது. பம்புக்கு ஏது மூத்தவ இளையவ?"

"இத உங்க அம்மாகிட்டச் சொன்னீங்களா?"

"எங்க அம்மா முதல் ஆளா விதைக்கிறேன்னுட்டா. பின்ன என்ன?" அவர் குரலைத் தாழ்த்தினார். "இருட்டோட போய் நீ விதைச்சிடேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"முளைச்சா ஊருக்கே தெரியும்ணே. நெல்லுக்கு ஒளிஞ்சு முளைக்கத் தெரியாது."

அந்த நோயை அவள் நம்பினாளா என்று கேட்டால் அவளாலும் தெளிவாகச் சொல்ல முடியாது. நம்பாதவர்களும் அந்த முறையை மீறியதில்லை. ஒரு நம்பிக்கை பொய்யாகவே இருக்கலாம். அதை நம்புகிறவளின் வாசலைத் தினமும் தாண்டித்தான் தண்ணீருக்குப் போக வேண்டும் என்பது பொய்யில்லை.

அன்று மாலை அவள் பெரெஸின் வீட்டுக்குப் போனாள். பெரெஸ் முறத்தில் ஏரிப் பொடிமீனைப் பரப்பி மணல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் சோளக் களிக்குத் தண்ணீர் கொதித்தது. அபொண்டி பக்கத்தில் உட்கார்ந்து தானும் பொறுக்கத் தொடங்கினாள். ஒபியெரோ சொன்னதையெல்லாம் சொல்லி முடித்தாள்.

"சங்கமா!" என்றாள் பெரெஸ். "எங்க காலத்துலயும் ஒரு சங்கம் இருந்துச்சு. பருத்திச் சங்கம். உன் புருஷன் மூட்டை மூட்டையாக் கொண்டுபோய்ப் போட்டான். துட்டு இன்னும் வந்துகிட்டே இருக்கு. வர்ற வழியில அவனையும் புதைச்சாச்சு."

அபொண்டி சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள்; முடியவில்லை. பெரெஸும் மூக்கால் சிரித்தாள்.

"நீங்க சேர வேண்டாம்க்கா. அந்த வாரத்துல விதைச்சாப் போதும். உங்க கை பட்டதுக்கு அப்புறம் நான் போடறேன்."

"எனக்கு நாள் குறிக்க ஒபியெரோ யாரு? அவன் பொறந்தப்ப தொப்புள்கொடி கட்டினவ நான்." பெரெஸ் முறத்தை வேகமாகப் புடைத்தாள். "இந்த வீட்டுல எனக்குன்னு என்ன இருக்கு, சொல்லு. புருஷன் போனான். முழங்கால் போச்சு. முதல்ல விதைக்கிறது ஒண்ணுதான் மிச்சம். அதையும் மீட்டிங் போட்டு முடிவு பண்றானுங்களா?"

அபொண்டி ஒரு மீனைப் புரட்டி மணலைத் தட்டினாள். அவள் இத்தனை வருடம் இந்த முறையைத் தன் கழுத்துச் சுருக்காக மட்டுமே பார்த்திருந்தாள். அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் இன்னொருத்தி நிற்கிறாள் என்று அன்றுதான் தோன்றியது. தோன்றியதால் அவள் கடன் குறையவில்லை. பேச்சின் தொனி மட்டும் குறைந்தது.

"நாத்தங்கால் தயாரா இருந்தா விதைப்பீங்களா?"

"ஒமொல்லோ வருவான். வந்து உழுவான்."

"வருவான்க்கா. எப்ப?"

பெரெஸ் மீனைப் பார்த்தாள். தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. இருவரில் யாரும் எழவில்லை. கடைசியில் பெரெஸ்தான், "மாவை எடு," என்றாள். அபொண்டிக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை போகமும் அவளைப் பிந்த வைத்தது முறை இல்லை. வராத மகனை வருவான் என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி காத்திருந்தது.

மறுநாள் அபொண்டி பெரெஸின் நாற்றங்காலில் இறங்கினாள். யாரும் அவளை அழைக்கவில்லை; யாரும் தடுக்கவும் இல்லை. மண்வெட்டியால் கொத்தி, தண்ணீர் பாய்ச்சி, காலாலேயே சேறு மிதித்தாள். பலகையை இழுத்து மட்டம் செய்தாள். அதன் பிறகுதான் தன் நாற்றங்காலுக்குப் போனாள். வரப்பில் போன ஒபியெரோ நின்று பார்த்தார்.

"உன் நிலம் அந்தப் பக்கம்தானே? சேமேயில கிழக்கு மேற்கு சொல்லித்தர மாட்டாங்களா?"

"நாக்கு சும்மா இருந்தா, வந்து பலகையப் பிடிங்கண்ணே."

ஆச்சரியமாக, அவர் வந்து பிடித்தார். பேச்சை நிறுத்தவில்லை என்பது வேறு.

சங்கம் குறித்த வாரம் பாதி கடந்தது. ஒவ்வொரு வீடாக விதைத்து முடித்தார்கள். பெரெஸ் வாசலை விட்டு நகரவில்லை. அபொண்டி ஒரு துணிச்சலான காரியம் செய்தாள்: சங்கத்து விதையை வாங்கி வாய்க்காலில் ஊறப்போட்டாள். ஊறிய விதை காத்திருக்காது. சாக்கில் கட்டிவைத்தால் முளை விடும். முளை நீண்டால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வீசவும் முடியாமல் போகும். அதை வாங்கக் கொடுத்ததுதான் அவளிடம் இருந்த கடைசிக் காசு. வாரத்தின் கடைசிக் காலையில் சாக்கைத் தொட்டாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. பிரித்தாள். எல்லா நெல்லும் வெள்ளை மூக்கு நீட்டியிருந்தது.

சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் வயலுக்குப் போனாள். விதைக்கப் போகிறாளா, வெறுமனே நிற்கப் போகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. போய் நின்றாள். வெயில் ஏறியது. சாக்கின் மேல் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டாள். ஒரு தடவை கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்தாள். சேற்றையும் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, திரும்பவும் சாக்கிலேயே போட்டாள்.

உச்சி வெயிலுக்குக் கொஞ்சம் முன்னால் வரப்பில் ஒரு மோட்டார் பைக் வந்து நின்றது. பின்னாலிருந்து பெரெஸ் இறங்கினாள். மடியில் ஒரு சிறு மூட்டை. ஞாயிற்றுக்கிழமைக் கோயிலுக்குக் கட்டும் துணியைத் தலையில் கட்டியிருந்தாள். வண்டிக்காரனுக்குக் காசு கொடுக்கும்போது, "குழியெல்லாம் தேடித் தேடி விட்டியே, அதுக்கும் சேத்தா வாங்குற?" என்று அவனைத் திட்டினாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள்.

"அக்கா, முழங்கால்..."

"என் முழங்கால் என்கூட வந்துச்சு. நீ உன் வேலையப் பாரு."

மூட்டையில் அவளுடைய விதையும் ஊறி முளைத்திருந்தது. அப்படியென்றால் இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே ஊறப்போட்டிருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அபொண்டிக்கு வந்த கோபத்துக்கும் நிம்மதிக்கும் இடையில் எதை முகத்தில் காட்டுவது என்று தெரியாமல் போயிற்று. பெரெஸ் ஒரு பிடி வீசித் தன் வேலையை முடித்திருக்கலாம். முறைக்கு அது போதும். அவள் அப்படிச் செய்யவில்லை. நாற்றங்காலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, அடி அடியாக, முழுவதையும் தானே விதைத்தாள். இளையவள் வரப்பில் காத்து நின்றாள். முடித்துவிட்டுக் கையைத் தண்ணீரில் அலம்பிக்கொண்டு பெரெஸ் திரும்பினாள்.

"என்ன நிக்கிற? உன் நெல்லு மூக்க நீட்டிகிட்டு உன்னைப் பாத்துச் சிரிக்குது."

அபொண்டி சாக்கைப் பிரித்தாள்.

அந்தப் போகம் கதிர் பால் பிடித்தபோது குருவிகள் வழக்கம்போல வந்தன. வானத்தில் புகைபோலச் சுழன்று, ஒரே சமயத்தில் முற்றி நின்ற அத்தனை வயல்களின் மேலும் சிதறி இறங்கின. எல்லா வரப்புகளிலும் தகரச் சத்தம் கேட்டது. ஒருத்தி விரட்டியது அடுத்தவள் வயலில் இறங்கும். அவள் வைதுகொண்டே அதற்கடுத்தவளுக்கு அனுப்புவாள். எல்லோருக்கும் நஷ்டம் இருந்தது. யாருக்கும் முழு வயலும் போகவில்லை.

சங்கம் ஒன்றும் சொர்க்கமில்லை. கூட்டம் என்றால் பொழுது சாயும்வரை ஒபியெரோ பேசுவார். விதைக்கு, சாக்குக்கு, களத்துக்கு என்று பிடித்தம் செய்தார்கள். களத்துக்கு எதற்கு என்று அபொண்டி இரண்டு தடவை கேட்டும் புரியும்படி யாரும் சொல்லவில்லை. மில்லிலிருந்து பணம் வரத் தாமதமானபோது ஊரே பருத்திச் சங்கத்தைப் பற்றிப் பேசியது. எல்லோரும் அறுத்து ஒரே நேரத்தில் வந்த நெல்லை அன்றே விற்றிருந்தால் விலை மண்ணாகியிருக்கும். காயவைத்து மூட்டை கட்டிக் காத்திருந்ததால்தான் மில்காரர் இறங்கி வந்தார் என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அப்போதும் விலை தரகர் சொன்னதைவிடக் கொஞ்சம்தான் கூட. அபொண்டிக்குக் கிடைத்த லாபத்தில் பெரும்பகுதி விலையில் வந்ததல்ல. குருவி தின்னாமல் விட்டதும், டப்பாவின் வயிற்றுக்குள் போகாமல் நின்றதும்தான் அது.

பணம் கைக்கு வந்த அன்று அவள் நேரே திட்ட அலுவலகத்துக்குப் போய்ப் பாக்கியைக் கட்டினாள். உள்ளே இருந்தவர் தலை நிமிராமலே, "அடுத்த போகமும் உனக்குத்தான்" என்றார். மீதியில் ஏர்க்காரனுக்கு முன்பணம் கொடுத்தாள். இரண்டு நாற்றங்காலுக்கும் சேர்த்து.

திரும்பி வரும்போது பெரெஸ் முற்றத்தில் கோழிகளைக் கூட்டில் அடைத்துக்கொண்டிருந்தாள். அவள் நெல் இந்தத் தடவையும் தரகரின் டப்பாவுக்குத்தான் போயிருந்தது.

"கட்டிட்டியா?"

"கட்டிட்டேன்க்கா."

பெரெஸ் கூட்டின் கதவைச் சாத்திக் கல்லை நகர்த்தி வைத்தாள். நிமிராமலே கேட்டாள்: "அந்தத் தராசு... உள்ள ஏதாவது வச்சிருக்கானுங்களா, நீ நல்லாப் பாத்தியா?"

"ஏறி நின்னு பாத்தேன். என் எடையச் சரியாத்தான் காட்டுச்சு. அதான் வருத்தம்."

"அடுத்த விதைப்பு வாரம் எப்பன்னு ஒபியெரோகிட்டக் கேட்டு வை" என்றாள் பெரெஸ். "அவன் வாயால ஒரு தேதி வரணும்னா இப்பவே போய் உக்காந்தாத்தான் உண்டு."