டாக்டர் சொன்னதும் அவள் சொன்னதும்

என் மனைவிக்குக் காலில் சக்கரம். ஆஸ்பத்திரிகளுக்குப் போனில் மொழிபெயர்ப்பது அவள் வேலை. அந்தப் பக்கம் இங்கிலீஷ் டாக்டர், இந்தப் பக்கம் தமிழ் நோயாளி, நடுவில் இவள். பதினாறு வருஷமாக அடுப்படிக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டேதான் பேசுகிறாள். உட்காரச் சொன்னால் முறைப்பாள். நான் எலக்ட்ரீஷியன், ஷாக் அடிக்கும் இடத்தில் கை வைக்கமாட்டேன்.

இங்கிலீஷ்காரர்களுக்கு எதையும் நேராகச் சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளும் போல. ஆபத்து இன்னும் நீங்கவில்லை என்பதற்கு, 'காட்டை விட்டு வெளியே வரவில்லை' என்பார்களாம். அப்படியே தமிழில் சொன்னால் எந்தக் காடு என்று நோயாளி கேட்பார். இவள் 'இன்னும் கண்டம் தாண்டல' என்பாள். 'பந்து உங்கள் பக்கம்' என்றால் 'முடிவு உங்க கையில'. அரை நொடி யோசிக்கமாட்டாள். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பது அவர்கள் தொழில் விதி. சொந்தக்காரர்களுக்கு இந்த வேலை பார்க்கவே கூடாது என்பது இன்னொரு விதி.

அதை அவள் மீறியது தன் அக்காவுக்காக. அக்காவுக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது. இங்கிலீஷ் தெரியாது. கத்தி என்றாலே குலை நடுங்கும், ஒரு பல்லைப் பிடுங்கவே மூன்று வருஷம் தள்ளிப்போட்டவர். மொழிபெயர்க்க வேறு ஆள் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை பொறுக்க என் மனைவியால் ஆகுமா? தானே பேசுவதாகச் சொல்லிவிட்டாள். போனில் இல்லை, அக்காவோடு நாங்களும் நேரிலேயே டாக்டர் அறைக்குப் போனோம்.

டாக்டர், 'புதரைச் சுற்றி அடிக்கப்போவதில்லை' என்று ஆரம்பித்தார். "சுத்தி வளைக்காம சொல்றேன்" என்றாள் இவள். ஆபரேஷனில் கொஞ்சம் ஆபத்து உண்டு என்றார். அதையும் சொன்னாள். செய்யாவிட்டால், அக்கா வாழ்வது 'கடன் வாங்கிய காலம்' என்றார். இனி அதிக நாள் இல்லை என்று எனக்கே புரிந்தது. இவள் ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"பண்ணாட்டியும் பெருசா ஒண்ணும் ஆகாது" என்றாள்.

அது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அந்த நேரத்தில் நான் கோழைதான்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. டாக்டர் சொன்னதை நோயாளி தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். டாக்டர் கேட்டார். அக்காவுக்கு முகமெல்லாம் பல். கத்தி வேண்டாம், இப்படியே இருந்துகொள்கிறேன், ஒன்றும் ஆகாது என்று டாக்டரே சொல்லிவிட்டாரே என்றார்.

இதை இவள் இங்கிலீஷில் சொல்லியாக வேண்டும். உள்ளபடி சொன்னால் குட்டு உடையும், வேலைகூடப் போகலாம். மழுப்பினால் அக்கா சந்தோஷமாக வீட்டுக்குக் கிளம்பிவிடுவார், சாவதற்கு. அந்த அறையில் மூன்றடி இடம்தான் இருந்தது. அதிலும் இரண்டு முறை நடந்தாள். பிறகு ஒரு சொல் விடாமல் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

அவர் கேட்பதற்குள் அக்காவிடம் திரும்பினாள். "அக்கா, ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லல. நான்தான் சொன்னேன். பண்ணிக்கலேன்னா நீ நாள எண்ணிட்டுத்தான் இருக்கணும்."

அக்கா தன் கைப்பையின் வாரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். ஊருக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி சொல்கிறவள் கூடப்பிறந்தவளுக்கு மட்டும் இப்படிச் செய்வாளா என்று கேட்டார். இவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அழறத அப்புறம் வச்சுக்கோ" என்றார் அக்கா. "எந்தத் தேதின்னு கேளு. இந்த ரூமை விட்டுப் போற வரைக்கும் நான் உனக்கு அக்கா இல்ல. அவர் சொல்றத அப்படியே சொல்லு."