முன்வரிசை மூலைக் கதிரையும் ஒரு பொங்கல் படமும்

தியேட்டரில் ஓடி முடிந்த படத்தை வாங்கி வீட்டுத் திரையில் போடுவதுதான் நான் செய்த தொழில்; கேட்கச் சுகமாகத்தான் இருக்கும், இறங்கிப் பார்த்தால் தெரியும். வெளிநாட்டில் தமிழ்ச் சனத்துக்கு ஏதோ செய்யப்போகிறேன் என்று வெளிக்கிட்டு, அதே சனத்திடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கும் என் இனத்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது விளங்காது.

நான் அதிகம் படிக்கவில்லை. டென்மார்க்கில் இக்காஸ்ட் என்ற ஊரில் துணித் தொழிற்சாலை மூடும்வரை அங்கே வேலை செய்தேன். பிறகு மகளின் கம்ப்யூட்டரை நம்பி ஓர் இணையத் தொலைக்காட்சி தொடங்கினேன். டென்மார்க்கில் உள்ள தமிழர் சந்தா கட்டினால் வீட்டில் இருந்து படம் பார்க்கலாம். சந்தா பொங்கலோடு புதுப்பிப்பது. போன பொங்கலுக்கு நல்ல படம் ஒன்று போடாவிட்டால் டிவியை மூடவேண்டியதுதான் என்று மகள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

தொழில் தொடங்கிய காரணம்

சனத்துக்குச் சேவை செய்யத் தொடங்கினேன் என்று மேடைகளில் சொல்லியிருக்கிறேன். உண்மை வேறு. தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்து மெஷினில் நின்றவன் அருளப்பு. அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் டவுன் தியேட்டரை வாடகைக்கு எடுத்துத் தமிழ்ப் படம் காட்டுவான். ஒருமுறை நானும் மனைவியும் போனோம். மனைவி புதுச் சேலையில் வந்திருந்தாள். எங்களுக்கு அவன் காட்டிய இடம் முன்வரிசை, சுவரோடு ஒட்டிய மூலை. கடைசி வரிசையில் நல்ல கதிரையில் அவனுடைய மைத்துனர் இருந்தார். அவர் எழுத்தோட்டம் முடிய முதலே நித்திரை.

அந்த மூலையில் இருந்து பார்த்தால் கதாநாயகனின் மூக்கு மட்டும்தான் தெரியும். இடைவேளையில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நியாயம் கேட்கப் போனேன். அருளப்பு மீன் ரோல்ஸ் தட்டோடு நின்றான். எல்லாரும் கேட்கும்படியாகச் சொன்னான்:

"என்னடா தியாகு, நீ படம் பாக்க வந்தனியோ, கதிரை பாக்க வந்தனியோ?"

நடுவில் நான்

அவனுடைய தியேட்டருக்கு ஒருவரும் போகக்கூடாது, எல்லாரும் தங்கள் தங்கள் சோபாவில் படுத்திருந்து பார்க்கவேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். சென்னையில் சேகர் என்று ஒரு ஏஜென்டைப் பிடித்து முதல் படத்தை வாங்கினேன். வாங்கிய பிறகுதான் அவர் சொன்னார், இணையத்தில் போடுவதற்குப் பாட்டு உரிமை ஓர் ஆடியோ கம்பெனியிடம் இருக்கிறதாம், பாட்டுகளை வெட்டிவிட்டுத்தான் போடவேண்டுமாம். படம் என்றால் முழுதாக ஒரு சாமான் என்று நினைத்திருந்தேன். அதைத் தியேட்டருக்கு ஒருவர், டிவிக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர் என்று இறைச்சிப் பங்குபோலப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

பாட்டு வரும் இடங்களை என்ன செய்வது என்று மகள் டெனிஷில் கேட்டாள். நேயர்களுக்கு வாழ்த்துச் சொல்லி, கோட் போட்டு, கைகூப்பி நான் எடுத்த ஒரு வீடியோ இருந்தது. அதைப் போடச் சொன்னேன். அது காதல் படம், பாட்டுக்குக் குறைவில்லை. படம் முடிந்ததும் பக்கத்து ஊரான சில்க்போர்க்கில் இருந்து அன்னம்மா அக்கா கூப்பிட்டா. முதியோர் இல்லத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவ, எங்கள் முதல் சந்தாக்காரி.

"தம்பி, அந்தப் பெடியனும் பெட்டையும் கிட்டப் போய்க் கையைப் பிடிக்கிற நேரமெல்லாம் நீர் ஏன் கோட்டுப் போட்டுக்கொண்டு நடுவிலை வந்து நிக்கிறீர்?"

பாலத்தில் ஒரு துப்பாக்கி

அடுத்த படத்தைப் பாட்டோடு வாங்கினேன். இந்தமுறை உரிமை டென்மார்க்குக்கு மட்டும். எல்லையைத் தாண்டினால் படம் தானாக நின்றுவிடும். எங்கள் சனம் டென்மார்க்கில்தானே இருக்கிறது என்று நான் கவலைப்படவில்லை.

கஜன் என்ற பெடியன் கோப்பன்ஹேகனில் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறான். வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் கடலுக்கு அப்பால் சுவீடனில் குடியிருக்கிறான். வேலை முடிந்து ரயிலில் வரும்போது தொலைபேசியில் என் டிவி பார்ப்பான். ரயில் பாலத்தைக் கடந்து சுவீடன் பக்கம் ஏறியதும் படம் உறைந்துவிட்டது. அவன் கோபிக்கவில்லை. கவலையோடுதான் கூப்பிட்டான்:

"அண்ணை, வில்லன் துவக்கை நீட்டினதோடை அப்பிடியே நிக்கிறான், இனி நாளைக்கு நான் வேலைக்கு வரேக்கைதான் சுடுவான் போல."

பொங்கலுக்கு ஒரு படம்

இப்படியெல்லாம் பட்டு, கடைசியில் ஒரு புதுப் படம் எனக்கு வாய்த்தது. இந்தத் தொழிலில் விண்டோ என்று ஒன்று இருக்கிறது. ஒரு நாட்டில் தியேட்டரில் படம் ஓடினால், அதன்பிறகு சில மாதம் அந்த நாட்டில் வீட்டுத் திரைக்கு வரக்கூடாது. தியேட்டர்காரன் பிழைப்பதற்காக விடும் இடைவெளி அது. இந்தப் படத்தை அருளப்பு வேண்டாம் என்று விட்டுவிட்டான், ஓடாதாம். டென்மார்க்கில் வேறு ஒருவரும் காட்டவில்லை. அதனால் எனக்கு இடைவெளியே இல்லை, பொங்கலுக்கே போடலாம். தமிழ்க் கடைகளில் எல்லாம் நோட்டீஸ் ஒட்டினேன். "பொங்கலுக்கு உங்கள் வீட்டில்" என்று பெரிய எழுத்து. இரட்டிப்பு உறுதிக்காகச் சேகரிடம் இன்னொருமுறை கேட்டேன்.

"நீங்க சும்மா இருந்தாலே போதும் சார், பொங்கலுக்குப் படம் உங்களுது."

சும்மா இருக்கவில்லை

அருளப்பு வேண்டாம் என்று தள்ளிய படத்தை, அவனை முன்னால் இருத்திவைத்துத் தியேட்டரிலேயே காட்டினால் எப்படி இருக்கும்? இந்த எண்ணம் வந்தபின் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. லண்டனில் தியேட்டர் உரிமை வைத்திருந்தவரிடம் ஒரு காட்சிக்கு மட்டும் அனுமதி வாங்கி, பொங்கலுக்கு முந்திய கிழமை சில்க்போர்க்கில் ஒரு சின்னத் தியேட்டர் எடுத்தேன். மகள் ஏன் என்று கேட்டாள். விளம்பரம் என்றேன். அருளப்புவுக்குத் தடித்த அட்டையில் அழைப்பிதழ் அனுப்பினேன்.

அன்றைக்குப் பனி கொட்டியது. வந்தவர்களை ஒரே காரில் ஏற்றி அனுப்பியிருக்கலாம். அருளப்பு சூட் போட்டு வந்தான். அரங்கு முழுக்க வெறும் கதிரை. இருந்தும் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், முன்வரிசையில் சுவரோரம் இருத்தினேன். படம் முழுவதும் நான் திரையைப் பார்க்கவில்லை, அவனுடைய கழுத்தைத்தான் பார்த்தேன். எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு சந்தோசம். படம் முடிந்து கழுத்தைத் தடவிக்கொண்டே வெளியே வந்தவன் சொன்னான்:

"நல்ல படமடா தியாகு, ஓடாதெண்டு நினைச்சன், ஆனா ஓடும் போலை கிடக்கு."

வாழ்த்து

பெருமையில் அந்தக் காட்சியின் போட்டோக்களைச் சேகருக்கு அனுப்பினேன். அவர் உடனே கூப்பிட்டு வாழ்த்தினார். டென்மார்க்கில் படத்தை ரிலீஸ் செய்துவிட்டேனாம். இனி மூன்று மாதம் கழித்து டிவியில் போடலாமாம்.

"ஐயா, அது ரிலீஸ் இல்லை. வந்ததே கொஞ்சப் பேர். அதிலும் ஒருத்தர் வெளியிலை குளிர் எண்டு உள்ளுக்கு வந்தவர்" என்று கெஞ்சினேன். சேகர் நல்ல மனுசன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தயாரிப்பாளரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்:

"ஒரு டிக்கெட் கிழிச்சாலும் ரிலீஸ்தான் சார், டென்மார்க் விண்டோவை நீங்களே ஆரம்பிச்சு வச்சிட்டீங்க."

பொங்கல்

சந்தாக்காரர் ஒவ்வொருவராக விலகினார்கள். கஜன் ஒருவன்தான் புதுப்பித்தான், அந்த வில்லன் மிச்சம் இருந்தானே. ஒரு ஆளுக்காக டிவி நடத்த முடியாது என்று மகள் பொங்கலோடு மூடிவிட்டாள். மூன்று மாதம் முடியும்வரை டென்மார்க்கில் அந்தப் படத்தைத் தியேட்டரில்தான் காட்டலாம். தியேட்டரில் காட்டத் தெரிந்தவன் எங்கள் பக்கத்தில் ஒருவன்தான். அருளப்பு லண்டன்காரரிடம் படத்தை எடுத்தான். நோட்டீஸ்கூட அடிக்கவில்லை. நான் ஒட்டிய நோட்டீஸ்களில் "உங்கள் வீட்டில்" என்ற இடத்துக்கு மேல் "எங்கள் தியேட்டரில்" என்று ஒரு துண்டுக் கடதாசி ஒட்டினான், அவ்வளவுதான்.

என் மனைவி என்னிடம் கேட்காமல் டிக்கெட் எடுத்துவிட்டாள். போனால் வாசல்வரை சனம், எல்லாம் என் பழைய சந்தாக்காரர். அன்னம்மா அக்கா என்னைக் கண்டதும், "இண்டைக்குப் பாட்டு வரும்தானே தம்பி?" என்று கேட்டா. அருளப்பு அதே ரோல்ஸ் தட்டோடு நின்றான். எனக்கு ஒன்று எடுத்து நீட்டிவிட்டுச் சொன்னான்:

"வாடா மச்சான், இடமில்லாமல் சனம் திரும்பிப் போகுது, ஆனா உன்ரை மூலைக் கதிரையை நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை."

தியேட்டர் உரிமைக்கு நாள் உண்டு, டிவி உரிமைக்கு எல்லை உண்டு, பாட்டு உரிமை வேறு ஆளிடம் இருக்கும்; மனிதன் மனதில் வைத்திருக்கும் கறுவம் ஒன்றுதான் உலகம் முழுவதற்கும், ஆயுள் முடியும்வரைக்கும், பாட்டுகளும் சேர்த்து இலவசமாகக் கிடைக்கிறது.